ஃபேர்ஃபாக்ஸ் பள்ளிகள்: நடத்துவது யார், பணம் தருவது யார்?

வட வர்ஜீனியாவில் நான்கு தமிழர்கள் கூடினால் பேச்சு எப்படியும் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும். "அந்தப் பக்கம் வீடு பார்க்காதீர்கள், பள்ளிக்குப் பத்துக்கு ஆறுதான் போட்டிருக்கிறார்கள்" என்பார் ஒருவர். "இவ்வளவு வீட்டு வரி வாங்கிக்கொண்டு ஆசிரியர் சம்பளத்துக்குப் பணமில்லை என்று பள்ளி வாரியம் கைவிரிக்கிறதே" என்பார் இன்னொருவர். "கட்டடம் கட்ட மட்டும் கோடிக்கணக்கில் எங்கிருந்து வருகிறதாம்?" என்று மூன்றாமவர் கேட்க, "எல்லாம் வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்யும் வேலை" என்று நான்காமவர் முடித்துவைப்பார். ஆதங்கம் நியாயமானதுதான். திட்டு மட்டும் பெரும்பாலும் தவறான முகவரிக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. அங்கே அரசுப் பள்ளி என்றால் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், சம்பளம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே துறை, ஒரே அமைச்சர். வட வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் அந்த ஓர் அமைச்சரின் வேலையைக் குறைந்தது மூன்று தரப்புகள் பிரித்துக்கொண்டு செய்கின்றன. யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மேலே உள்ள நான்கு கேள்விகளுக்கும் விடை தானாக வந்துவிடும்.

எல்லை எங்கே தொடங்குகிறது

கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பகுதி. ஏறத்தாழ நம் ஊர் மாவட்டம் போல; ஆனால் ஆட்சியர் கிடையாது, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஆள்கிறது. பள்ளி மாவட்டம் என்பது குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. அமெரிக்காவில் இப்படி ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. சிலவற்றில் ஒன்றிரண்டு பள்ளிகள்தான் இருக்கும். ஃபேர்ஃபாக்ஸ் அந்த ரகமல்ல: ஏறத்தாழ 200 பள்ளிகள், 1,80,000 மாணவர்கள். வர்ஜீனியாவில் இதுவே பெரியது. கவுண்டியின் எல்லையும் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் கிட்டத்தட்ட ஒன்றே.

அந்தக் "கிட்டத்தட்ட"வில்தான் வீடு வாங்குபவர்கள் சறுக்குகிறார்கள். ஃபால்ஸ் சர்ச் ஒரு தனி நகரம். அதற்கெனத் தனிப் பள்ளி மாவட்டம் உண்டு. ஆனால் அஞ்சல் முகவரியில் "ஃபால்ஸ் சர்ச்" என்று இருக்கும் வீடுகளில் பெரும்பகுதி அந்த நகரத்துக்குள் இல்லை. அவை ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியைச் சேர்ந்தவை. "அலெக்ஸாண்ட்ரியா" முகவரிகளிலும் இதே கதைதான். ஃபேர்ஃபாக்ஸ் நகரத்தின் ஏற்பாடு இன்னும் விசித்திரம்: பள்ளிக் கட்டடங்கள் நகரத்துக்குச் சொந்தம், நகரத்துக்கு ஒரு பள்ளி வாரியமும் உண்டு, ஆனால் பாடம் நடத்துவதை ஒப்பந்தம் போட்டுக் கவுண்டியிடம் விட்டிருக்கிறார்கள். அஞ்சல் முகவரியை நம்பாமல், வீட்டின் சொத்து வரி யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும்.

சமையல் ஒருவர், பெட்டிச் சாவி ஒருவர்

ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்களை மருமகளின் பொறுப்பு. என்ன சமைப்பது, யாருக்கு எவ்வளவு பரிமாறுவது எல்லாம் அவள் முடிவு. ஆனால் பணப்பெட்டியின் சாவி மாமனார் இடுப்பில். மாதத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார். அதில் கத்தரிக்காய் வாங்கு, வெண்டைக்காய் வாங்காதே என்று சொல்லமாட்டார். சாப்பாடு சரியில்லை என்றால் வீடே மருமகளைக் குறை சொல்லும். கொடுத்தது போதவில்லை என்பாள் அவள். கொடுத்ததைச் சரியாகச் செலவழிக்கவில்லை என்பார் அவர்.

ஃபேர்ஃபாக்ஸில் அடுக்களை பள்ளி வாரியத்திடம் இருக்கிறது. சாவி மேற்பார்வையாளர் குழுவிடம்.

பள்ளி வாரியம் என்றால் தேர்வு நடத்தும் வாரியம் என்று எண்ணவேண்டாம். இது பள்ளிகளை ஆளும் மன்றம். மொத்தம் 12 பேர்: கவுண்டியின் ஒன்பது தொகுதிகளிலிருந்து ஒன்பது பேர், கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மூவர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. மேற்பார்வையாளர் குழு கவுண்டியின் சட்டமன்றம் போன்றது: அதே ஒன்பது தொகுதிகளுக்கு ஒன்பது பேர், பொதுவில் தேர்வாகும் தலைவர் ஒருவர், ஆகப் பத்துப் பேர். காவல், தீயணைப்பு, நூலகம், பூங்கா எல்லாம் இவர்கள் கையில். வரி விதிப்பதும் இவர்களே.

நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி மாவட்டங்கள் தாமே வரி விதிக்கலாம். வர்ஜீனியாவில் முடியாது; ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மேரிலாந்திலும் முடியாது. எனவே டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் உறவினர் அவர் ஊர் பள்ளி வாரியத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பன்னிரண்டு பேரின் அதிகாரம் எவ்வளவு

வரி விதிக்க முடியாது என்பதற்காக வாரியத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. பள்ளிகளை மேற்பார்வையிடும் பொறுப்பை வர்ஜீனியாவின் அரசியல் சட்டமே அதனிடம் ஒப்படைத்திருக்கிறது. கவுண்டி கொடுக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது, பள்ளி எல்லைகளை எங்கே வரைவது, பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குவது, யாரை எந்தப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் வாரியத்தின் முடிவு. அன்றாட நிர்வாகத்துக்கு அது சூப்பரின்டெண்டென்டை நியமிக்கிறது. ஏறத்தாழ 40,000 ஊழியர்கள் கொண்ட நிறுவனத்தின் தலைமை அதிகாரி என்று அவரைச் சொல்லலாம். 2022 ஜூலை முதல் மிஷெல் ரீட் இந்தப் பதவிக்கு வந்தார். அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வாரியத்துக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும்.

வாரியத்தின் கை எவ்வளவு நீளும் என்பதற்குத் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நம்மவர்கள் "டி.ஜே." என்று சொல்லும் அந்த அறிவியல் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. 2020 இறுதியில் வாரியம் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பிலிருந்தும் 1.5 சதவீத மாணவர்களுக்கு இடம் ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. புதிய முறையில் சேர்ந்த முதல் வகுப்பில் ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆக இறங்கியது. பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. அந்த முறை சரியா தவறா என்பது வேறு வாதம். அதை முடிவு செய்தது வாஷிங்டனும் அல்ல, பள்ளி முதல்வரும் அல்ல. வாரியத்தின் பன்னிரண்டு பேர். வாரியத் தேர்தலில் அவர்கள் பெயர் வாக்குச் சீட்டின் கீழ்ப்பகுதியில் கட்சிச் சின்னம்கூட இல்லாமல் இருக்கும். "கட்சி சார்பற்ற தேர்தல்" என்பது சட்டம். நடைமுறையில் இரு கட்சிகளும் யாரை ஆதரிக்கிறோம் என்று வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. 2023இல் ஜனநாயகக் கட்சி ஆதரித்தவர்களே 12 இடங்களையும் பிடித்தார்கள்.

வாரியத்தில் ஒரு மாணவப் பிரதிநிதியும் உட்காருகிறார். பேசலாம், வாக்களிக்க முடியாது. பக்கத்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில் மாணவ உறுப்பினருக்கு வாக்கும் உண்டு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: என்ன நடக்க வேண்டும் என்பதை வாரியம் முடிவு செய்கிறது, சூப்பரின்டெண்டென்ட் நடத்துகிறார், எவ்வளவு பணம் என்பதை மேற்பார்வையாளர் குழு முடிவு செய்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து வகுப்பறை வரை

இனி பணம். பள்ளிகளை நடத்தும் ஆண்டுச் செலவு 2024 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டில் ஏறத்தாழ 370 கோடி டாலர். இதில் 70 சதவீதம் அளவுக்குக் கவுண்டி தருகிறது. மாநிலத்தின் பங்கு, விற்பனை வரியில் வருவதையும் சேர்த்து, ஏறத்தாழ கால் பங்கு. மத்திய அரசிடமிருந்து வருவது மிகச் சிறிய துண்டு. அது பெரும்பாலும் வறுமையில் உள்ள மாணவர்களுக்கும் சிறப்புக் கல்விக்கும் குறிக்கப்பட்ட பணம். அந்த மாணவர்களுக்கு அது பெரிய விஷயம்தான், ஆனால் வாஷிங்டன்தான் ஃபேர்ஃபாக்ஸ் பள்ளியை நடத்துகிறது என்பதற்கு அடிப்படையே இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது.

கவுண்டி அந்த 70 சதவீதத்தை எங்கிருந்து எடுக்கிறது? பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கவுண்டி அதை 7,00,000 டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறது. அந்த நிதியாண்டின் வரி விகிதம் 100 டாலர் மதிப்புக்கு 1.125 டாலர். கணக்குப் போட்டால் ஆண்டு வரி 7,875 டாலர். கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. ஆக இந்த வீட்டிலிருந்து ஏறத்தாழ 4,000 டாலர் பள்ளிக்கு. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை மூன்று இருந்தாலும் அதே தொகை, ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அதே தொகை. வாடகைக்கு இருப்பவர் தப்பித்தார் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்திருப்பார்.

விகிதத்தில் ஒரு சென்ட் கூட்டினால் இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு 70 டாலர் கூடும். கவுண்டி முழுவதும் சேர்த்தால் அந்த ஒரு சென்ட் 3 கோடி டாலருக்கு மேல். பட்ஜெட் காலத்தில் இந்த ஊரில் சென்ட் கணக்கில் சண்டை நடப்பது இதனால்தான்.

அந்தச் சண்டை எப்படி நடக்கும் என்பதற்கு 2024 ஒரு நல்ல மாதிரி. ஜனவரியில் சூப்பரின்டெண்டென்ட் பட்ஜெட் முன்மொழிவை வைத்தார். கவுண்டியிடம் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகக் கேட்டது ஏறத்தாழ 25.4 கோடி டாலர். கவுண்டி நிர்வாகம் 16.5 கோடி தருவதாகச் சொன்னது. அதற்கும் வரி விகிதத்தை 1.095இலிருந்து 1.135க்கு, அதாவது நான்கு சென்ட் உயர்த்த வேண்டும் என்றது. மார்ச்சில் மேற்பார்வையாளர் குழு அந்த 1.135ஐ விளம்பரப்படுத்தியது. வரி விகித விளம்பரம் என்பது வெறும் அறிவிப்பு அல்ல, உச்சவரம்பு. அறிவித்த பிறகு அதற்குக் கீழே இறங்கலாம், மேலே போக முடியாது. ஏப்ரலில் பொது விசாரணை. ஒரு பக்கம் ஆசிரியர்களும் பெற்றோரும், இன்னொரு பக்கம் ஓய்வூதியத்தில் வாழும் வீட்டு உரிமையாளர்கள். மே மாதம் குழு ஒரு சென்ட் இறங்கி 1.125இல் முடித்தது. பள்ளிகளுக்குக் கிடைத்த கூடுதல் தொகை 16.5 கோடி. அதற்கேற்ப வாரியம் தன் கணக்கைத் திரும்பப் போட்டது. செலவில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு ஊழியர் சம்பளமும் சலுகைகளும்தான். வெட்டு விழுந்தால் வேறு எங்கே விழும்?

ஆசிரியர் சம்பளம் உயரவில்லை என்று பள்ளி வாரியத்தைத் திட்டுபவர், வரி உயர்ந்தது என்று மேற்பார்வையாளரையும் திட்டினால், ஒரே தொகையைப் பற்றி இரண்டு இடத்தில் எதிரெதிராகப் புகார் சொல்கிறார் என்றுதான் பொருள். இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இதுதான். வாரியம் தாராளமாகக் கேட்கலாம், வரியை உயர்த்திய பழி அதற்கு வராது. குழு கறாராக மறுக்கலாம், வகுப்பு பெருத்த பழி அதற்கு வராது.

வீட்டை விட்டால் கவுண்டிக்கு வேறு வழி குறைவு. வர்ஜீனியாவில் மாநிலம் அனுமதித்த வரியைத்தான் கவுண்டி போடலாம். வருமான வரி அதில் இல்லை. ஓட்டல் சாப்பாட்டுக்கு வரி போடலாமா என்று 2016இல் மக்களைக் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். பிறகு சட்டம் மாறி, மக்களைக் கேட்காமலே போடலாம் என்றானது. 2026 ஜனவரி முதல் ஓட்டலில் சாப்பிட்டால் 4 சதவீதக் கவுண்டி வரி.

ரிச்மண்ட் போடும் கணக்கு

மாநிலத் தலைநகர் ரிச்மண்ட். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் குறைந்தபட்சம் எத்தனை ஆசிரியர், என்னென்ன வசதி தேவை என்று மாநிலம் ஒரு தரம் வைத்திருக்கிறது. அதற்கான செலவை மாநிலமும் உள்ளூரும் பகிர்ந்துகொள்கின்றன. யார் எவ்வளவு என்பதைச் சொல்வது உள்ளூர்த் திறன் குறியீடு: அந்த ஊர் தானே எவ்வளவு தாங்கும் என்பதை 0 முதல் 0.8 வரையான ஓர் எண்ணாகச் சொல்லும் அளவு. சொத்து மதிப்புக்கு 50 சதவீதம், மக்களின் வருமானத்துக்கு 40, விற்பனைக்கு 10 என்று எடை போட்டு இதைக் கணக்கிடுகிறார்கள்.

ஃபேர்ஃபாக்ஸின் எண் ஏறத்தாழ 0.65. அதாவது 100 டாலர் தேவைப்பட்டால் 65 டாலர் நீங்களே போடுங்கள், 35 நாங்கள் தருகிறோம் என்கிறது மாநிலம். நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்துபோன தென்மேற்கு மூலையின் லீ கவுண்டிக்கு இந்த எண் 0.2ஐத் தாண்டாது, அங்கே செலவில் பெரும்பகுதி மாநிலத்துடையது. "நம் வருமான வரியெல்லாம் ரிச்மண்டுக்குப் போகிறது, திரும்பி வருவது கொஞ்சம்தான்" என்ற முணுமுணுப்பு உண்மையே. ஆனால் அது தவறிப்போனதல்ல, திட்டமிட்டது. லீ கவுண்டிப் பிள்ளைக்கும் ஆசிரியர் வேண்டும் அல்லவா?

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. சட்டமன்றத்தின் ஆய்வு அமைப்பான ஜே-லார்க் 2023இல் ஓர் அறிக்கை தந்தது. மாணவர் ஒருவருக்கு வர்ஜீனியாவின் பள்ளி மாவட்டங்கள் பெறும் தொகை 50 மாநிலச் சராசரியைவிட 14 சதவீதம் குறைவு; மாநிலத்தின் சூத்திரம் சொல்லும் செலவு, பள்ளிகள் உண்மையில் செய்யும் செலவைவிட மிகத் தாழ்ந்தது. தேவையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டு அந்தக் குறைந்த தொகையில்தான் 35 சதவீதம் தருகிறார்கள். மிச்சம் முழுக்க வீட்டு வரிக்காரர் தலையில்.

"லாட்டரிப் பணம் இருக்கிறதே" என்பவர்களுக்கு: மாநில லாட்டரியின் லாபம் பள்ளிகளுக்குத்தான் போகிறது. மாநிலம் முழுவதற்குமான ஓராண்டு லாபம் 90 கோடி டாலரை ஒட்டியது. ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஒரே மாவட்டத்தின் ஓராண்டுச் செலவில் அது கால் பங்குதான் வரும்.

கட்டடப் பணம் தனி

மூன்றாமவர் கேள்விக்கு விடை சுருக்கமானது. கட்டடம் கட்டவும் புதுப்பிக்கவும் ஆகும் பணம் பெரும்பாலும் கடன் பத்திரங்களிலிருந்து வருகிறது. கவுண்டி அவற்றை விற்றுப் பல ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும். அதற்கு மக்கள் வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். 2023 நவம்பரில் 43.5 கோடி டாலருக்கு அப்படி ஒப்புதல் தந்தார்கள். அந்தப் பணத்தில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாதச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. வீட்டுக் கடன் வாங்கி மளிகைக் கடன் அடைக்க வங்கி விடாது என்பது நமக்குத் தெரிந்ததே.

பத்துக்கு எத்தனை

வீடு விற்கும் தளங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று முதல் பத்து வரை ஓர் எண் இருக்கும். அதை மாநிலம் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். தருவது தனியார் அமைப்புகள். அவை எடுத்துக்கொள்ளும் தரவில் பெரிய பங்கு மாநிலத்தின் எஸ்.ஓ.எல். தேர்வு: மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும், மேலும் சில வகுப்புகளில் அறிவியல், வரலாறு போன்றவற்றிலும் நடப்பது. 600க்கு 400 எடுத்தால் தேர்ச்சி. இந்தக் கோடு தேசிய அளவிலான நேப் தேர்வின் கோட்டைவிட மிகத் தாழ்ந்தது என்ற விமர்சனம் வெகுகாலமாக உண்டு. கோட்டைப் படிப்படியாக உயர்த்த மாநிலக் கல்வி வாரியம் 2025இல் முடிவெடுத்தது. எனவே வரும் ஆண்டுகளில் தேர்ச்சி விழுக்காடு சரிந்தால், பிள்ளைகள் திடீரென மக்காகிவிட்டார்கள் என்று பொருளல்ல.

இரண்டு பள்ளிகளைப் பாருங்கள். மெக்லீனில் லாங்லி உயர்நிலைப் பள்ளி. சுற்றிலும் நாட்டின் பணக்கார வீடுகள், வறுமையில் உள்ள மாணவர்கள் மிகச் சிலரே. சிறிது தூரத்தில் ஃபால்ஸ் சர்ச் அஞ்சல் முகவரியில் ஜஸ்டிஸ் உயர்நிலைப் பள்ளி. மாணவர்களில் பாதிக்கு மேல் வறிய குடும்பத்தவர், வீட்டில் வேறு மொழி பேசுபவர் ஏராளம். இரண்டுக்கும் ஒரே வாரியம், ஒரே சூப்பரின்டெண்டென்ட், ஒரே சம்பள விகிதம். சொல்லப்போனால், வறிய மாணவர் மிகுந்த பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் தருவது இங்கே விதி. இருந்தும் தளத்தில் ஒன்றுக்கு உயர்ந்த எண், இன்னொன்றுக்குத் தாழ்ந்த எண். அந்த எண் அளப்பது பள்ளிக்கூடத்தை மட்டுமல்ல. பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் சேர்த்துத்தான். பள்ளியின் பங்கு எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

பள்ளியின் பங்கை ஓரளவு காட்டுவது வளர்ச்சி: ஒரே மாணவர் சென்ற முறையைவிட இந்த முறை எவ்வளவு முன்னேறினார் என்ற அளவு. 480 மதிப்பெண்ணோடு வந்த பிள்ளை அடுத்த ஆண்டு 485 எடுக்கிறது. 310இல் இருந்த பிள்ளை 380 எடுக்கிறது. தேர்ச்சிக் கணக்கில் முதல் பிள்ளை பாஸ், இரண்டாவது ஃபெயில். எந்த ஆசிரியர் அதிகம் உழைத்தார் என்று நீங்களே சொல்லுங்கள். மாநிலத்தின் புதிய மதிப்பீட்டு முறை தேர்ச்சி, வளர்ச்சி, அடுத்த கட்டத்துக்கான ஆயத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. இருந்தாலும் அதில் தேர்ச்சிக்கே எடை அதிகம்.

மாவட்டம் மொத்தமாக எப்படி? பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். மாநிலச் சராசரியைவிடத் தேர்ச்சியும் மேல். சராசரி நன்றாகத்தான் இருக்கிறது. சராசரிக்குள் ஒளிந்திருக்கும் இடைவெளிதான் கவலை: ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும், வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் வசதியுள்ளவர்களுக்கும். 1,80,000 பேரில் மூன்றில் ஒருவர் வறிய குடும்பத்தவர் என்பது, கவுண்டியின் பெரிய வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியைப் பற்றி அறிய வேண்டுமானால், மாநிலக் கல்வித் துறை வெளியிடும் பள்ளித் தர விவரங்களில் பிரிவுவாரியான முடிவுகளைத் தேடுங்கள். பத்துக்கு எத்தனை என்ற எண்ணைவிட அதில் விஷயம் அதிகம்.

யாரிடம் கேட்பது

வகுப்பறை, எல்லைக் கோடு, சேர்க்கை, பாடநூல் பற்றியென்றால் வாரிய உறுப்பினர். வரியும் மொத்தத் தொகையும் என்றால் உங்கள் தொகுதி மேற்பார்வையாளர். மாநிலச் சூத்திரமும் தேர்வும் என்றால் ரிச்மண்டில் உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். வாரியத்தின் 12 இடங்களுக்கும் மேற்பார்வையாளர் குழுவின் 10 இடங்களுக்கும் அடுத்து 2027 நவம்பரில் ஒரே நாளில் தேர்தல்.

எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் அதில் வாக்களிக்க முடியாது. ஆனால் வரி கட்டுகிறார், பிள்ளை அங்கே படிக்கிறது. பொது விசாரணையில் பெயர் பதிந்துகொண்டு சில நிமிடம் பேசக் குடியுரிமை தேவையில்லை. மின்னஞ்சல் எழுதவும் தேவையில்லை. எழுதுவதானால் மார்ச்சுக்கு முன் எழுதுங்கள். உச்சவரம்பு விளம்பரமான பிறகு ஏப்ரலில் போய் நின்றால், விகிதத்தை ஏற்றுங்கள் என்று கேட்க வழியில்லை. இறக்கிவிடாதீர்கள் என்று மட்டும்தான் கேட்கலாம்.